எல்லாருக்கும் வரத்தான் போகிறதென்றால் எதற்காகப் பூட்டினார்கள்?

கேள்வி: என் மகளும் மருமகனும் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் இருக்கிறார்கள். மருமகனின் அப்பா அம்மாவும் அவர்களோடுதான். 2021 மே மாதம் என் கணவர் கொரோனாவில் போய்விட்டார். மகளால் வர முடியவில்லை. அவளுக்கு அப்போது அங்கே குடியுரிமை கிடைத்திருக்கவில்லை. கிளம்பி வந்தால் இந்தியாவிலிருந்து நேராகத் திரும்ப முடியாது என்று விதி. கையில் குழந்தை வேறு. அப்பாவின் காரியத்தை மொபைலில்தான் பார்த்தாள். அடுத்த வருஷமே அந்த நாடு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. மகள் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா வந்து போனது. “எப்படியும் எல்லாருக்கும் வரத்தான் போகிறதென்றால் எதற்காகப் பூட்டினார்கள்? முதலிலேயே இதோடு வாழப் பழகியிருக்கலாமே” என்கிறார் மருமகன். பூட்டியதால்தான் மாமனார் மாமியார் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்கிறாள் மகள். போன் பேசும்போதெல்லாம் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. பெரியம்மையை ஒழித்தோமே, இதை ஏன் ஒழிக்க முடியவில்லை? நாளைக்கு இன்னொன்று வந்தால் ஒழிக்கப் பார்ப்பதா, கூடவே வாழ்வதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். அதற்காக மருமகனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எப்படியும் எல்லாருக்கும் வரும் என்று அவர் சொல்வதுதான் கடைசியில் நடந்தது. ஆனால் எப்போது வந்தது, வந்த நேரத்தில் உடம்பு என்ன நிலையில் இருந்தது என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. சமூக மருத்துவத்தில் இருக்கிற எங்களுக்கு அது பெரிய கணக்கு. அவருடைய அப்பாவுக்கு 2020-இல் இந்த வைரஸ் வந்திருந்தால் உடம்புக்கு அது முன்பின் தெரியாத ஒன்று. தடுப்பூசிகள் போட்ட பிறகு 2022-இல் வந்தபோது உடம்பு அதற்குத் தயாராக இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் முதல் நோயாளி தெரியவந்தது 2020 பிப்ரவரி 28 அன்று. மார்ச் 19-ஆம் தேதி வெளிநாட்டவருக்கு எல்லையை மூடினார்கள். 25-ஆம் தேதி நள்ளிரவில் முழு ஊரடங்கு. அன்றைக்கு அந்த நாட்டில் கொரோனாவால் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. நோயாளிகளே இருநூற்றுச் சொச்சம் பேர்தான். ஆரம்பத்தில் அவர்கள் கையில் இருந்தது பல நாடுகளும் எழுதி வைத்திருந்த ஃப்ளூ திட்டம். நோய் பரவத்தான் செய்யும், வேகத்தைக் குறைப்போம், ஆஸ்பத்திரிகள் தாங்கும்படி பார்த்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பேக்கர் போன்ற தொற்றுநோய் நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. இது ஃப்ளூ மாதிரி ஓடவில்லை, அறிகுறி வர நாலைந்து நாள் ஆகிறது, அந்த இடைவெளியில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் சங்கிலியை அறுத்துவிடலாம் என்று விடாமல் வாதாடினார்கள். அரசு கேட்டது. ஜூன் 8 அன்று நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை.

அதற்குப் பிறகு 102 நாள் சமூகத் தொற்று இல்லாமல் ஓடி, ஆகஸ்டில் ஆக்லாந்தில் மறுபடி தலைகாட்டியது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. 179 பேருக்குப் பரவியது; அதையும் அடக்கிவிட்டார்கள். ஆரம்பத்திலிருந்து 2021 ஆகஸ்ட் வரை அந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் மொத்தமே 26 பேர். மக்கள்தொகை 51 லட்சம். பிரிட்டனில் 2021 ஏப்ரல் முடிவுக்குள் சுமார் 1,27,000 பேர் இறந்துவிட்டார்கள். அதை நியூசிலாந்தின் மக்கள்தொகைக்குச் சுருக்கிப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல் வரும். உங்கள் சம்பந்தி இருவரும் எந்த வயதில் இருக்கிறார்களோ, அந்த ஒன்பதாயிரத்தில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். (2020-இல் அங்கே ஃப்ளூவும் அநேகமாகக் காணாமல் போனது. எல்லை மூடினால் கொரோனா மட்டுமா நிற்கும்?)

திறந்த பிறகு அங்கேயும் இறந்தார்கள். 2022 முடிவதற்குள் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. மருமகன் இந்த எண்ணை எடுத்துப் போட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் நாட்டின் பெரும்பகுதிக்குத் தொற்று வந்து போயிருந்தது. தடுப்பூசி இல்லாமல் அத்தனை பேருக்கும் வந்திருந்தால் எத்தனை ஆயிரம் என்பதையும் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி மார்ச் 1-ஆம் தேதிதான் தொடங்கியிருந்தது. 45 தாண்டிய எல்லாருக்கும் ஏப்ரல் 1-இல். முதல் ஊசி போட்டு இரண்டாவதுக்குத் தேதி வருவதற்குள் டெல்டா என்ற உருமாறிய வைரஸ் வந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் கழித்துத் தொற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர். நியூசிலாந்து ஒன்றரை வருஷம் பூட்டி வாங்கியது அந்த ஆறு மாதத்தைத்தான், அதைவிடக் கூடவும்.

சரி, பெரியம்மைக்கு வருவோம். அதை ஒழிக்க முடிந்ததற்கு மனிதன் மட்டும் காரணமில்லை. அந்த வைரஸும் பல விதத்தில் நமக்கு வசதியாக இருந்தது. அம்மை போட்டவரை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அறிகுறி வருவதற்கு முன்னால் அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒரு முறை வந்து பிழைத்தால் அநேகமாக ஆயுசுக்கும் வராது. மனிதனை விட்டால் ஒளிந்துகொள்ள அதற்கு வேறு மிருகமும் இல்லை. அதனால் வீடு வீடாகத் தேடுவது பலித்தது. அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஊழியர்கள் சந்தைகளிலும் கிராமங்களிலும் “இப்படி யாரையாவது பார்த்தீர்களா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். தகவல் சொன்னால் பரிசு. கடைசிக் கட்டத்தில் அது 1,000 ரூபாய் வரை போனது. 1975-இல் அது எவ்வளவு பெரிய பணம் என்று உங்களுக்கே தெரியும். நோயாளி கிடைத்ததும் அவரைச் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் ஊசி. உலர்த்திய மருந்து என்பதால் வெயிலிலும் கெடாது, ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பிளந்த முனையுள்ள ஊசியை மருந்தில் தோய்த்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சொட்டு நிற்கும். அதோடு மேல்கையில் பதினைந்து முறை குத்துவார்கள். அவ்வளவுதான் வேலை. அம்மை ஊசிப் போட்ட தழும்பு உங்கள் வயதுக்காரர்கள் பலர் கையில் இன்னும் இருக்கும். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கிடைத்தார். இயற்கையாகப் பரவியதில் உலகத்தின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில், சோமாலியாவில். 1980-இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

கொரோனாக் குடும்பத்திலேயே இன்னொன்றையும் நாம் அடக்கியிருக்கிறோம். 2003-இல் வந்த சார்ஸ் நினைவிருக்கிறதா? எட்டாயிரம் பேருக்குச் சற்று மேல் தொற்றியது, 774 பேர் இறந்தார்கள், ஜூலை 5 அன்று பரவல் நின்றுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்போது தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. நோயாளியைப் பிரித்து வைத்ததும், அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்ததும்தான் வைத்தியம். அது எப்படிப் போதுமானதாக இருந்தது என்றால், சார்ஸ் வந்தவர் அதிகமாகப் பரப்புவது நோயின் இரண்டாவது வாரத்தில். அதற்குள் அவர் நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பார்.

கோவிட் வைரஸ் அப்படி இல்லை. காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது தொண்டையிலும் மூக்கிலும் பெருகி வெளியே வரத் தொடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுக்கப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார். சிலருக்கு அறிகுறியே வராது. இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. அது போதாதென்று மிருகங்களுக்கும் போய்விட்டது. டென்மார்க்கில் 2020 நவம்பரில் ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் மிங்க் என்ற சிறு மிருகங்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மான்களிடம் அது பரவியிருப்பது தெரியவந்தது. மனிதர்களிடம் முழுக்க ஒழித்தாலும் மானிடமிருந்து மறுபடி வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் எதிர்ப்புச் சக்தி நிலைப்பதில்லை. தடுப்பூசி போட்டாலும் சரி, நோய் வந்து போனாலும் சரி, சில மாதங்களில் தொற்றைத் தடுக்கும் பலம் இறங்கிவிடுகிறது. உயிரைக் காக்கும் பலம்தான் அதிக நாள் நிற்கிறது.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஒழிப்புக்கு வழி இல்லாமல் செய்தது என்பது என் எண்ணம். போலியோவைப் பாருங்கள். அதுவும் மறைந்தே பரவுவது. தொற்றியவர்களில் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்களைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் ஒரு குழந்தையைக்கூடத் தொடவில்லை. காரணம், அந்தச் சொட்டு மருந்து குடலுக்குள் போய்ப் பரவலையே தடுத்தது. கோவிட் தடுப்பூசிகளால் அதைச் செய்ய முடியவில்லை. அவை உயிரைக் காப்பாற்றின, அந்த மட்டில் பெரிய சாதனை. சங்கிலியை அறுக்கும் வேலைக்கு அவை போதவில்லை.

இப்போது மறுபடி ஆக்லாந்துக்கு. 2021 ஆகஸ்ட் 17 அன்று அங்கே சமூகத்தில் ஒரே ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அன்று இரவே நாடு முழுவதும் ஊரடங்கு. ஒரு ஆளுக்காகவா என்று உலகமே சிரித்தது. அடுத்த நாள்களில் வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, சிட்னியிலிருந்து வந்து தனிமைப்படுத்தலில் இருந்த பயணி ஒருவரின் டெல்டாவோடு அது பொருந்தியது. பத்து நாளாக யார் கண்ணிலும் படாமல் பரவிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த முறை நாட்டின் மற்ற பகுதிகளில் அடங்கியது, ஆக்லாந்தில் அடங்கவில்லை. எண்ணிக்கை இறங்கியது, ஆனால் பூஜ்யத்தைத் தொடவில்லை. நெருக்கடியான வீடுகளிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் இருந்தவர்களிடையே சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது. அக்டோபர் 4 அன்று பிரதமர் ஜசிண்டா ஆர்டன், பூஜ்யம் என்ற இலக்கை விட்டுப் படிப்படியாக மாறப் போவதாக அறிவித்தார். ஆக்லாந்து டிசம்பர் தொடக்கம் வரை அடைந்தே கிடந்தது. உங்கள் மகள் வீட்டில் அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மருமகனின் எரிச்சல் பாதி அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த அரசின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. டெல்டா உள்ளே வந்த அன்று மொத்த மக்களில் நாலில் ஒருவருக்குக்கூட இரண்டு ஊசியும் முடிந்திருக்கவில்லை. உள்ளே நோய் இல்லாததால் அவசரமும் இல்லாமல் போயிற்று. மேட்டூரில் தண்ணீரை நிறுத்தி வைப்பது, கீழே கரையைப் பலப்படுத்தி முடிக்கும்வரைதான் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அணையை நம்பிக் கரையை மறந்துவிடக் கூடாது. டெல்டா வந்த பிறகுதான் அவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். டிசம்பர் நடுவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஊசியும் முடிந்தது. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் மட்டும் அது பின்தங்கியிருந்தது. அடுத்த உருமாறிய வைரஸான ஒமிக்ரான் 2022 பிப்ரவரி, மார்ச்சில் ஊரெல்லாம் பரவியபோது முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்.

இந்த வேலையைச் செய்யாமல் பூட்டி மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ஹாங்காங் காட்டியது. அங்கேயும் இரண்டு வருஷம் கொரோனாவை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். 2021 முடியும்வரை 75 லட்சம் பேர் உள்ள ஊரில் இருநூற்றுச் சொச்சம் இறப்பு. ஊசி தாராளமாகக் கிடைத்தது, இளையவர்கள் போட்டுக்கொண்டார்கள். எண்பது தாண்டியவர்களில் பெரும்பாலோர் போடவில்லை. பக்கவிளைவுப் பயம், முதியோர் இல்லங்களின் மெத்தனம், இங்கேதான் நோயே இல்லையே என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்துகொண்டது. 2022 பிப்ரவரியில் ஒமிக்ரான் அங்கே ஊரெல்லாம் பரவியது. சில மாதங்களில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதிலும் ஊசி போடாத முதியவர்களே அதிகம். ஆஸ்பத்திரி வாசலில், திறந்த வெளியில், குளிரில் கட்டில்களில் தாத்தா பாட்டிகள் கிடந்த படங்களை அப்போது பார்த்தவர்களால் மறக்க முடியாது. ஒரே வைரஸ், ஏறத்தாழ ஒரே சமயம், இரண்டு இடத்திலும் முன்பு பூஜ்யக் கொள்கை. வித்தியாசம் யாருக்கு ஊசி போட்டார்கள் என்பதில் இருந்தது.

சீனா இன்னும் மோசமாக வெளியே வந்தது. ஷாங்காயில் இரண்டரைக் கோடிப் பேரை 2022-இல் இரண்டு மாதம் வீட்டில் அடைத்தார்கள். நவம்பரில் உரும்சி என்ற நகரத்தில் அடுக்குமாடித் தீவிபத்தில் பத்துப் பேர் இறந்த பிறகு மக்கள் வெற்றுத் தாளைத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 7 அன்று, குளிர்காலத்தின் தொடக்கத்தில், கட்டுப்பாடுகளை ஒரே மூச்சில் தளர்த்தினார்கள். எப்போது விடுவது என்று முன்கூட்டியே யோசிக்காமல் ஒழிப்பில் இறங்கக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மருமகன் சொல்லும் வழிக்கும் சாட்சி இருக்கிறது. பிரேசிலில், அமேசான் காட்டு நடுவே மனாவ்ஸ் என்று ஒரு நகரம். 2020-இல் அங்கே நோய் அநேகமாகத் தடையில்லாமல் ஓடியது. ஏப்ரலில் நீளமாகப் பள்ளம் தோண்டிப் பெட்டிகளை வரிசையாக அடக்கினார்கள். அக்டோபருக்குள் நகரத்தில் நாலில் மூன்று பேருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று ரத்த தானம் செய்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு கணக்கிட்டது. இனி அங்கே பரவ ஆள் இல்லை என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 2021 ஜனவரியில் உருமாறிய வைரஸோடு இரண்டாம் அலை வந்தது, ஜனவரி 14 அன்று ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. தடுப்பூசிக்கு முன்னால் ‘கூட வாழ்வது’ என்றால் அதுதான்.

ஸ்வீடனைச் சொல்வார், தயாராக இருங்கள். 2020 முடிவுக்குள் ஸ்வீடனில் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதில் பாதி மக்கள்தொகை உள்ள பக்கத்து நார்வேயில் 500-க்கும் குறைவு. மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்வீடனின் மிகை இறப்பு, அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்த இறப்பு, ஐரோப்பாவில் குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறது என்பதும் உண்மை. தடுப்பூசியை அவர்கள் ஒழுங்காகப் போட்டார்கள். சட்டம் போடாவிட்டாலும் மக்கள் பெரும்பாலும் விலகியே இருந்தார்கள், காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் சம்பளத்தோடு வீட்டில் இருக்க முடிந்தது. அதை மனாவ்ஸுக்கோ மதுரைக்கோ எடுத்துவந்து பொருத்த முடியாது.

ஆனால் மருமகன் கேள்வியில் இருக்கிற நியாயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பூட்டியதற்கு விலை உண்டு, அதை எல்லாரும் சமமாகக் கொடுக்கவில்லை. 2021 ஏப்ரல் 11 முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களை, தன் குடிமக்களையும் சேர்த்து, நியூசிலாந்து இரண்டரை வாரம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் குடிமக்களுக்கும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தாருக்கும் மட்டும்தான் நேர்வழி. உங்கள் மகள் மாதிரி, குடியுரிமை இல்லாமல் வசிப்புரிமை மட்டும் இருந்தவர்கள் வேறொரு நாட்டில் பதினாலு நாள் இருந்துவிட்டுத்தான் நுழைய முடியும். கைக்குழந்தையோடு அது ஆகிற காரியமா? பின்னால் தனிமைப்படுத்தல் ஓட்டல் அறைகளைக் குலுக்கல் மாதிரி ஒதுக்கினார்கள். அந்த முறை, தாயகம் திரும்பும் குடிமக்களின் உரிமையைச் சிலர் விஷயத்தில் தேவைக்கு மேல் மீறியது என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றமே 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. குடிமக்களுக்கே அப்படியென்றால் உங்கள் மகளின் நிலைமை கேட்க வேண்டியதில்லை. பூட்டியது சரி என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும்: சாவுக்கும் கடைசி முகம் பார்ப்பதற்கும் தனியாக ஒரு வழி வைத்திருக்க முடியும், வைத்திருக்க வேண்டும். சில நூறு அறைகளை அதற்கென்றே ஒதுக்கியிருந்தால் ஒழிப்பு கெட்டுப்போயிருக்காது. அவள் அன்று வராதது அவள் தவறில்லை, அதை நீங்கள் அவளிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் விலை கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியது. ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பொதுக் குளியலறை. பரவாமல் என்ன செய்யும்? விடுதிகளில் இருந்த 3,20,000 பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்திருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசே சொன்னது. இளவயதுக்காரர்கள் என்பதால் இறப்பு மிகக் குறைவு. ஆனால் நகரம் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் வேலை, விடுதி, வேலை என்று அடைந்தே கிடந்தார்கள். 2021 செப்டம்பரில்தான், அதுவும் வாரத்துக்கு 500 பேர் என்ற கணக்கில், சோதனை முறையில் வெளியே விட்டார்கள். ஊரில் ‘பூஜ்யம்’ என்று கொண்டாடும்போது அந்தப் பூஜ்யத்துக்குள் யாரை அடைத்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவால் நியூசிலாந்து மாதிரி செய்திருக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது என்றே நினைக்கிறேன். அங்கே சுற்றிலும் கடல், சில விமான நிலையங்கள், வீட்டில் இருந்தாலும் அரசு சம்பளத்துக்கு உதவியது. இங்கே நாலு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு அறிவித்தோம், கூலித் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். பிழைப்புக்கு வழி செய்யாமல் ஆளை உள்ளே வைக்க முடியாது. ஆனால் 2020-இன் கடைசியில், முதல் அலை ஓய்ந்து கிடைத்த அந்தச் சில மாதங்களில் ஆக்சிஜனுக்கும் தடுப்பூசிக்கும் செய்திருக்கக்கூடியது நிறைய இருந்தது. என் கோபம் அதில்தான்.

நாளைக்கு இன்னொன்று வந்தால்? வைரஸைப் பார்க்காமல் கொள்கை பேசக் கூடாது. நான் முதலில் விசாரிப்பது, அறிகுறிக்கு முன்பே பரவுகிறதா என்பதை. இல்லையென்றால் ஒழிக்கப் பார்ப்பதில் யோசனையே வேண்டாம். சார்ஸை அடக்கிய மாதிரி அடக்கலாம். கேரளத்தில் நிபா அப்படித்தான். 2018-இல் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள், தொடர்பில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். பழந்தின்னி வௌவால்களிடம் அந்த வைரஸ் இருப்பதால் மறுபடி மறுபடி வருகிறது, ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறார்கள். அதை ஒழித்துக்கட்டவும் முடியாது, அதோடு ‘வாழவும்’ முடியாது. தொற்றியவர்களில் பெரும்பாலோரைக் கொல்கிற நோயோடு என்ன வாழ்க்கை? மறுபக்கம், 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலை ஒழிக்க யாரும் மெனக்கெடவில்லை. ஃப்ளூ பரவும் வேகத்துக்கு அது நடக்காது, கொல்லும் அளவும் பயந்ததைவிடக் குறைவு. அதன் வாரிசு இன்றைக்கும் வருஷாவருஷம் வருகிற ஃப்ளூவில் ஒன்று.

எதுவும் தெரியாத முதல் சில வாரங்களில் நான் ஒழிக்கும் பக்கம்தான் நிற்பேன். பூட்டியதைப் பிறகு திறந்துகொள்ளலாம், பரவவிட்டதைத் திரும்ப அள்ள முடியாது. அந்த வாரங்களில் கூலிக்காரர் வீட்டுக்கு அரிசியும் பணமும் போக வேண்டும், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர் திரும்ப வழி இருக்க வேண்டும், முதியவர்களுக்கு ஊசி வரும்வரை என்று ஒரு முடிவுக் குறியும் வேண்டும். இவை இல்லாமல் பூட்டுகிறேன் என்று யார் வந்தாலும் மருமகன் பக்கம் சேர்ந்து நானும் கத்துவேன்.

இப்போது நாம் எல்லாரும் இதோடு வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம், வேறு வழியும் இல்லை. உங்களுக்கு அறுபது தாண்டியிருந்தாலோ, சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தாலோ, காய்ச்சல் இருமல் பரவும் மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டமான பேருந்துக்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாலோ மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் டாக்டரிடம் போங்கள்; ஃப்ளூ ஊசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் இருந்தால் புது பேட்டரி போட்டு வையுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம்.